சேவல் காந்தம்

“நடீன், வண்டியில நீ வெச்சது தகடா, பட்டியா?”

பிப்ரவரியில் ஒரு மத்தியானம் படுக்கையில் இருந்தபடியே வெர்லின் இப்படிக் கேட்டார். சூப்புக் கிண்ணத்தோடு கட்டிலருகே நின்ற அவருடைய தங்கை, “தகடுதான் அண்ணே,” என்றாள். யோசிக்கவே இல்லை. ஐம்பத்தாறு வயதுவரை பெரிதாகப் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். அது அத்தனை சுலபமாக வாயில் வந்து நின்றது அவளுக்கே திகைப்பாக இருந்தது. 

மார்ச் பிறந்து பத்து நாளில் அவர் ஷெட்டுக்குப் போக வேண்டும் என்றார். நர்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவள் கார் தெருமுனை திரும்பியதும் நடீனும் பக்கத்து வீட்டு ஹோபர்ட்டும் அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு போர்வைகளைச் சுற்றினார்கள். பனி உருகி முற்றமெல்லாம் சேறு. சக்கரம் புதையாமலிருக்க ஹோபர்ட் இரண்டு பலகைகளைப் போட்டிருந்தார்.

“மெதுவாத் தள்ளுடா. நான் இன்னும் சாவல.”

“செத்தா லேசாயிருவ. இப்பத்தான்டா கனக்குற,” என்றார் ஹோபர்ட்.

கனமே இல்லை. ஒரு கையால் தள்ளினாலே நாற்காலி போயிருக்கும்.

ஷெட்டுக்குள் கார், பெயிண்டுக்கு முன் அடிக்கிற சாம்பல் நிறப் பிரைமர் பூச்சில் நின்றது. எழுபதாம் வருடத்து வண்டி. நீண்ட மூக்கு, இரண்டே கதவு. அதன் எஞ்சின் உறுமினால் சமையலறையில் தட்டுகள் நடுங்கும். நடீன் அதைக் கேட்டு இருபது வருடமாகிவிட்டது. அத்தனை வருடமும் வண்டி தார்ப்பாய்க்குள் கிடந்தது. குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டுகிற உப்பு, இடதுபக்கப் பின்சக்கரத்தை ஒட்டிய தகட்டை அதற்கு முன்பே தின்றிருந்தது. போன அக்டோபரில் வெர்லின் அந்த இற்றுப்போன பகுதியைத் தன் கையாலேயே வெட்டி எடுத்தார். அங்கே பொருத்துவதற்குப் புதுத் தகடு தபாலில் வந்தது. அது வந்த வாரம்தான் இருமலில் ரத்தம் வந்தது.

“நீ பத்த வை. நான் சொல்லச் சொல்ல செய்யி,” என்று படுக்கையில் விழுந்ததுமே தங்கையிடம் சொல்லியிருந்தார். “ஹோபர்ட் கை இதுல படக்கூடாது. என் மவனுக்குப் போற வண்டி. நம்ம வீட்டுக் கைதான் படணும்.”

ஜனவரியில் நான்கு மத்தியானம் அவள் தனியாக முயன்றாள். ஒரு புள்ளி பற்றவைத்தால் பக்கத்தில் ஓர் ஓட்டை விழுந்தது. ஓட்டையை அடைக்கப் போனால் அது விரல் நுழையும் அளவுக்குப் பெரிதானது. சுற்றியிருந்த பழைய தகடு சிகரெட் டப்பாவின் உள்தாள் மாதிரி இருந்தது. ஹோபர்ட் முப்பது வருடம் வெல்டிங் வேலை பார்த்தவர். வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார். அண்ணனுக்குத் தெரியாமல் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் கேட்பது நடீனுக்கு வராது. ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்ன அன்று பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவள் திரும்பப் போகவில்லை. முதியோர் இல்லத்தின் துணி துவைக்கும் அறையில் முப்பத்தைந்து வருட வேலை. அங்கே மெஷின் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை.

ஐந்தாம் நாள் ஓட்டைக்குக் குறுக்கே கோழிவலையை வைத்து, மேலே கண்ணாடி நார்த் துணியை ஒட்டி, அதன்மேல் பள்ளம் நிரப்புகிற பசையான பட்டியை அப்பினாள். காய்ந்ததும் மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்தாள். கறுப்புப் பொடியைத் தூவித் தேய்த்து, கறுப்பு தங்கிய பள்ளத்தில் மறுபடி பட்டி வைத்து, மறுபடி தேய்த்தாள். இந்த வேலை அவளுக்கு வந்தது. நன்றாகவே வந்தது. எங்கும் கறுப்பு தங்காத நாளில் பிரைமர் அடித்தாள். புதுத் தகட்டைப் பழைய படுக்கை விரிப்பில் சுற்றித் தன் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

“சாக்ஸ குடு,” என்றார் வெர்லின் இப்போது, வண்டியருகே நாற்காலியில் இருந்தபடி.

அவருடைய வலது கையில் பருத்தி சாக்ஸை மாட்டிவிட்டாள். வெறுங்கையைவிடத் துணி வழியாகத்தான் மேடு பள்ளம் தெரியும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கதவின் விளிம்பிலிருந்து ஆரம்பித்தார். கை மெல்லப் பின்னால் போனது. சக்கர வளைவின் மேல் ஏறி, இறங்கி, அடியில் அந்த இடத்துக்கு வந்தது. நின்றது. திரும்பப் போனது. நடீன் தரையில் கிடந்த தூசைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தண்ணி மாதிரி இருக்கு,” என்றார் கண்ணைத் திறக்காமல். “நான்கூட இவ்வளவு சுத்தமாப் பண்ணதில்ல.” பிறகு, “சேவல் எங்க?”

சேவல் என்பது ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற சிவப்புக் காந்தம். அவர்களுடைய அம்மா காலத்தது. சனிக்கிழமை சாயங்காலங்களில் ஹாம்பர்கர் கடை வாசலில் பழைய கார்க்காரர்கள் கூடுவார்கள். வெர்லின் சேவலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அங்கே போவார். பளபளவென்று நிற்கிற ஏதாவதொரு வண்டியில் அதை வைப்பார். உள்ளே தகடு இருந்தால் ஒட்டும், பட்டி இருந்தால் விழும். விழுந்தால் ஊர் சிரிக்கும். அவரைக் கண்டாலே சிலர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

வெர்லினின் மகன் கென்டலுக்குப் பதினேழு வயதானபோது அப்பாவின் பிறந்தநாளுக்கென்று அவருக்குத் தெரியாமல் இதே இடத்தைச் சரிசெய்தான். செய்தித்தாளைத் திணித்து மேலே பட்டி பூசி, நீலப் பெயிண்டும் அடித்தான். வெர்லின் அவனையும் ஏற்றிக்கொண்டு ஹாம்பர்கர் கடைக்குப் போனார். இருபது பேர் முன்னால் சேவலை வைத்தார். விழுந்தது. சாவியால் குத்திக் காகிதத்தை வெளியே இழுத்தார். “என் மவன் வண்டிக்கு பேப்பர் வாங்கிப் போட்டிருக்கான் பாருங்கப்பா. வழியில படிச்சிட்டுப் போலாம்,” என்றார். அன்று நடீன் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். இறங்கவே இல்லை. அந்த இலையுதிர் காலத்தில் கென்டல் அரிசோனாவுக்குப் போனான். அவன் அம்மா அதற்கும் முன்பே வீட்டை விட்டுப் போயிருந்தாள்.

“சேவல் எங்கன்னு கேட்டேன்.”

சேவல் அவளுடைய ஏப்ரன் பையில் இருந்தது. “தெரியல அண்ணே. எங்கயோ விழுந்திருச்சு.”

“நரி தூக்கிட்டுப் போயிருக்கும்,” என்றார் ஹோபர்ட். “எங்க வீட்ல வேணா ஒண்ணு இருக்கு. கொண்டாரவா?”

நடீன் பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம்,” என்றார் வெர்லின். சாக்ஸ் மாட்டிய கையால் தங்கையின் மணிக்கட்டை ஒருமுறை தட்டினார். “நீ சொன்னதே போதும்.”

வீட்டுக்குள் வந்ததும் அரிசோனாவுக்குப் போன் போடச் சொன்னார். அவள்தான் அதை அவர் காதில் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார்.

“கென்டல், நான்தான். வண்டி ரெடிடா. வந்து எடுத்துக்க… இல்ல, பட்டி இல்ல. தகடு. ஒழுங்காச் செஞ்சிருக்கு. உனக்காக ஒரு வேலைய ஒழுங்காச் செஞ்சிருக்கேன்… நம்ப வேணாம். வந்து நீயே சேவல வெச்சுப் பாரு.”

 “வர்றேம்பா,” என்று அந்தப் பக்கமிருந்து வந்தது. நடீனுக்கும் கேட்டது.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு வெர்லின் போய்விட்டார். நடீன் அவருடைய தலையணை உறையை மாற்ற வெளுத்த உறை எடுத்துவரப் போயிருந்தாள். வந்து பார்த்தபோது வாய் திறந்திருந்தது. உறையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் எப்போதும்போல மாற்றினாள்.

வேனில் வந்து உடலை எடுத்துப் போனவர்கள், தொலைபேசி எண் போட்ட அட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஏப்ரன் பைக்குள் கைவிட்டு, அகப்பட்டதை எடுத்து, அட்டையை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

பிறகு துக்க வீட்டுக்கென்று அக்கம்பக்கத்திலிருந்து சாப்பாட்டுப் பாத்திரங்கள் வந்தன. நூடுல்ஸும் சீஸும் போட்டுச் சுட்டது, பன்றித் தொடை, உருளைக்கிழங்கு சாலட், மாவுக்குள் பழம் வைத்துச் சுட்ட ‘பை’ மூன்று. கென்டல் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தான். நடுவில் ஒரு நாள் இருந்தது. பட்டியை உடைத்து எடுத்து, கட்டிலுக்கடியில் இருக்கிற தகட்டைப் பற்றவைக்க ஹோபர்ட்டுக்கு ஒரு நாள் போதும். அவருடைய மனைவியின் பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு வேலியைச் சுற்றிப் போனாள். சொல்ல வேண்டியதை நடையில் மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். ஹோபர்ட்தான் கதவைத் திறந்தார். கண் சிவந்திருந்தது.

“வா தங்கச்சி. எதும் வேணுமா?”

“பாத்திரம்,” என்றாள்.

“அதுக்கென்ன அவசரம்? வேற ஏதும் செய்யணுமா? சொல்லு.”

அவள் பாத்திரத்தை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். அவள் திரும்பி வந்துவிட்டாள்.

சனிக்கிழமை அடக்கம் முடிந்து, சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு கென்டல் வீட்டுக்கு வந்தான். பிக்கப் வண்டிக்குப் பின்னால் காரை ஏற்றிப் போக நீளமான ட்ரெய்லர். முப்பத்தெட்டு வயது, வெயிலில் சிவந்த கழுத்து, அப்பனுடைய காது. சமையலறையில் நின்று சுற்றிலும் பார்த்தான்.

“இன்னும் அதே சோப்புதான் போடுற, இல்ல அத்தை? உள்ள வந்ததும் அடிக்குது.”

அவள் சிரிக்கப் பார்த்தாள். அவனுக்குப் பழப் பையில் ஒரு துண்டு வெட்டி வைத்தாள். அவன் நின்றுகொண்டே தின்றான்.

“அங்க உப்பு போட மாட்டாங்க அத்தை. துருங்கிறதே கிடையாது. நாப்பது வருஷம் நிக்கும் இது. நீலம்தான் அடிக்கப் போறேன். அதே நீலம்.” ஷெட் பக்கம் பார்த்தான். “அவரே பண்ணாரா? இருந்த இருப்புல?”

நடீன் வாயைத் திறந்தாள். “ம்,” என்றுதான் வந்தது.

அவன் தலையைக் குனிந்து தட்டில் இருந்த துணுக்குகளை முள்கரண்டியால் ஓரமாகத் தள்ளினான். “வீம்பு புடிச்ச மனுஷன்,” என்றான்.  தட்டைத் தொட்டியில் போடத் திரும்பியவன் ஃப்ரிட்ஜைப் பார்த்து நின்றான்.

“அட. இது இன்னும் இருக்கா?”

அட்டையை எடுத்து மேஜையில் வைத்தான். சேவலை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். பின்கதவைத் திறந்து பலகைகளின்மேல் நடந்து ஷெட்டுக்குப் போனான். நடீன் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே பின்னால் போனாள்.

சோதிக்கிறவனைப் போல அவன் வைக்கவில்லை. காரைத் தடவிக்கொண்டே பின்பக்கம் போய், குந்தி உட்கார்ந்து, சக்கரத்துக்குப் பின்னால், விளையாட்டாகத்தான் வைத்தான். சேவல் சிமெண்டுத் தரையில் விழுந்தது.

அவன் எடுத்தான். துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். விழுந்தது. ஒரு சாண் மேலே வைத்தான், ஒட்டியது. நான்கு விரல் கீழே இறக்கினான், கையோடு வந்துவிட்டது. விரல் முட்டியால் தட்டினான். மேலே கணீரென்றது. கீழே, தலையணையைத் தட்டுவதுபோல இருந்தது.

நடீன் ஷெட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான்தான், அவருக்குத் தெரியாது. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். கட்டிலுக்கடியில் தகடு இருக்கிறது, கொண்டுவந்து காட்டலாம். ஹோபர்ட் வீட்டில்தான் இருக்கிறார். அவள் கதவை விடவில்லை.

கென்டல் அந்த இடத்தின்மேல் உள்ளங்கையை வைத்து ஒருமுறை தடவினான். வழுவழுவென்றுதான் இருந்திருக்கும். எழுந்தபோது முட்டியில் சாம்பல் பொடி ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிட்டான். சேவலைக் கதவின் நடுவில், நல்ல தகட்டில், தலை மேலே இருக்கும்படி நேராக வைத்தான். அது நின்றது.

அவளைத் தாண்டிப் போனான். தோள் அவள் தோளில் இடிக்காமல் ஒதுங்கித்தான் போனான். முற்றத்தில் ட்ரெய்லரின் சாய்வுப் பலகையை ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தான். அதைத் தூக்கி மடித்து, கொக்கியை மாட்டி, கொக்கி விழுந்ததா என்று இழுத்துப் பார்த்தான். பிக்கப் வெறும் ட்ரெய்லரோடு கிளம்பியது. காரைக் கட்ட வைத்திருந்த சங்கிலியின் ஒரு முனை ட்ரெய்லரிலிருந்து தொங்கி, தெருமுனைவரை ரோட்டில் உரசிக்கொண்டே போனது.