வேலாயுதத்தின் கொட்டகைக்கு வந்த புழு

1934இல் ஒரு நாள், வேலாயுதம் விற்ற இரண்டு காளைகளையும் மலாயாவின் கிள்ளான் நகர அறுப்புக்கூடத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைத்தார்கள். தாடைச் சதையைக் கீறியபோது ஜவ்வரிசி போல வெள்ளைக் கொப்புளங்கள். நாக்கிலும் இதயத்திலும் அதே கொப்புளங்கள். அவை புழுக்கட்டிகள் என்று பார்த்துச் சொன்னவர் இறைச்சிப் பரிசோதகர் முத்துக்குமாரு, யாழ்ப்பாணத்துக்காரர்.

மறுநாள் அவர் சைக்கிளில் பக்கத்து ஊரான மேருவுக்கே வந்துவிட்டார். அங்கே வேலாயுதம் ஒன்பது பசுக்கள் வைத்துப் பால் கறந்து விற்றுவந்தான்.

"வேலாயுதம், இது மனிசரிட்ட இருந்து மாட்டுக்குப் போற புழு வருத்தம். வயித்தில நாடாப்புழு இருக்கிற ஆள் புல்லுக்குள்ள வெளிக்கிருந்தா, முட்டை புல்லில கிடக்கும். மாடு அதை மேயும். அந்த இறைச்சியை அரைவேக்காட்டில திண்டா திரும்ப மனிசருக்கு வரும். இங்க ஆருக்கோ புழு இருக்கு."

வேலாயுதத்தின் முகம் கறுத்தது. "எங்க அடுப்புல மாட்டுக்கறி ஏறுனதே இல்லீங்கய்யா. நானும் இவளும்தான் இருக்கோம்."

அவன் மனைவி இராஜம்மா தீவனத் தொட்டியருகே நின்றிருந்தாள். ஒரு வருஷமாக இளைத்துக்கொண்டே வந்தவள். மெதுவாகக் கேட்டாள்: "அது வெள்ளையா, நாடாத் துண்டு மாதிரி, சேலையில ஒட்டிக்கிட்டு வருமாய்யா?"

முத்துக்குமாரு தலையசைத்தார். அவள் தரையைப் பார்த்தபடியே சொன்னாள். மூன்று வருஷத்துக்கு முன் மாடுகளுக்குக் கோமாரி வந்து பால் நின்றபோது அவள் ரப்பர் தோட்டத்துத் துரை பங்களாவில் சமையல் வேலைக்குப் போனாள். துரைக்கு மாட்டிறைச்சி உள்ளே சிவப்பாகவே இருக்க வேண்டும். பாதி தட்டிலேயே மிஞ்சும்.

"அப்ப வயித்துல புள்ள. வீட்டுல அரிசி இல்ல. பசி தாங்காம நாலஞ்சு தடவ தின்னுட்டேன்."

அந்தப் பிள்ளை இறந்தே பிறந்தது. அது வேலாயுதத்துக்குத் தெரியும். இறைச்சி தின்றது தெரியாது.

ஆஸ்பத்திரியில் அவளை ஒரு நாள் பட்டினி போட்டு, கசப்பு மருந்தும் பேதி உப்பும் கொடுத்தார்கள். பன்னிரண்டு முழப் புழு தலையோடு வெளியே வந்தது. இனிப் பயமில்லை என்றார் மருந்து கொடுத்த ட்ரெஸர்.

வீடு திரும்பியபோது, பரிசோதகர் சொன்னபடி வேலாயுதம் கக்கூஸ் குழி வெட்டி முடித்திருந்தான். கொட்டகைப் பக்கம் மூன்று கல் கூட்டித் தனியாக உலை வைத்திருந்தான்.

"இனிமே நானே பொங்கிக்கிறேன்."

"புழு போயிருச்சுன்னு சொல்லிட்டாங்க."

"புழுவச் சொல்லல."

இராஜம்மா உலையருகே வந்தாள். "அந்தக் காளைங்கள யாவாரி கையில புடிச்சுக் குடுத்தது நீங்க. எங்க போவுதுன்னு தெரிஞ்சேதான் குடுத்தீங்க."

வேலாயுதம் அடுப்பை ஊதினான்.

விஷயம் கிள்ளான் வரை பரவியது. பாலில் இந்தப் புழு வராது என்று முத்துக்குமாரு வீடு வீடாகச் சொல்லியும் ஒருவரும் அவனிடம் பால் வாங்கவில்லை. மூன்று மாதத்தில் பசுக்கள் அனைத்தும் ஜெஞ்சாரோம் ஊர்க்காரர் ஒருவருக்குக் கைமாறின. ஊருக்குப் போய்வருகிறேன் என்று வேலாயுதம் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறினான். அவளைக் கூட்டிப்போகவில்லை.

இராஜம்மா ஆஸ்பத்திரிச் சமையலறையில் காய் நறுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். உடம்பு தேறிவிட்டது. இரண்டாம் வருஷம், ஊரிலிருந்து வந்த ஒருவர் வேலாயுதம் அங்கே வேறு கல்யாணம் செய்துகொண்டதாகச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். அன்றைக்கு நோயாளிகளுக்குப் பூசணிக் கூட்டு. மீதிக் காயையும் நறுக்கிக் கொடுத்துவிட்டு, பின்கட்டில் போய் உட்கார்ந்தாள்.