மிசஸ் டாலிவரின் முழுப்பெயர்

அந்த அலபாமா ஊரில் கறுப்பர் பள்ளியை இழுத்து மூடிவிட்டு, நாற்பத்து மூன்று பிள்ளைகளையும் ஒரே ஓர் ஆசிரியரையும் வெள்ளையர் பள்ளிக்கு அனுப்பினார்கள். அது 1969. இரு நிறத்துப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்க வேண்டும் என்று கோர்ட்டு உத்தரவு, வேறு வழியில்லை.

அந்த ஆசிரியர் மிசஸ் இ. வி. டாலிவர். இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு வாத்தியார். இ, வி இரண்டும் அப்பா பெயரில்லை, அவருடைய சொந்தப் பெயரின் முதலெழுத்துகள்தான். கறுப்பினப் பெண்ணுக்கு எத்தனை வயதானாலும் வெள்ளைக்காரர்கள் மிசஸ் என்று மரியாதை தர மாட்டார்கள், வேலைக்காரியைப் போலப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பெயரே தெரியாவிட்டால் என்ன செய்வார்கள்? அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

வெள்ளையர் பள்ளியின் முதல்வர் கல்பெப்பர் அவருடைய வேலை ஒப்பந்தத் தாளோடு உட்கார்ந்திருந்தார்.

"இ-ன்னா என்ன?"

"இ தான் சார்."

"வீட்டுல உன்னை எப்படிக் கூப்பிடுவாங்க?"

"சத்தமா சார்."

முதல்வர் எழுத்தர் நடீன் ஹாப்ஸிடம் பழைய கோப்பைப் பார்க்கச் சொன்னார். நடீன் வெள்ளைக்காரி, ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவள், பொய் சொல்லிப் பழக்கமில்லை. முதல் பக்கத்திலேயே முழுப்பெயர் இருந்தது. பார்த்தாள். மூடினாள்.

"இங்கயும் இ. வி. தான் சார்."

"சரி. நாளைக்குக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் முழுப்பேரச் சொல்லு, கையெழுத்துப் போடறேன். இல்லைன்னா வேற ஆளு."

மறுநாள் கூட்டத்தில் அறுநூறு பிள்ளைகள். முதல்வர் மைக்கை நகர்த்தினார். மிசஸ் டாலிவர் மைக் முன்னால் போய் நின்றார். வேலை போனால் அந்த நாற்பத்து மூன்று பேருக்கு இங்கே நாதியில்லை. பெயரைச் சொன்னால், நாளை முதல் பொடிசுகள்கூட அதைச் சொல்லித்தான் கூப்பிடும்.

"மிசஸ் டாலிவர். கணக்கு," என்றார்.

பின்வரிசையில் நாற்பத்து மூன்று பேரும் எழுந்தார்கள். டீச்சர் வாய் திறந்தால் எழுவது அவர்கள் பள்ளி வழக்கம். வெள்ளைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். புதுச் சட்டம் போலிருக்கிறது என்று நினைத்து அவர்களும் எழுந்தார்கள்.

"உக்காருங்க," என்றார் முதல்வர்.

யாரும் உட்காரவில்லை. எழ வைத்தவர்தான் உட்காரச் சொல்ல வேண்டும் என்பதும் அந்த வழக்கத்தில் சேர்த்தி. மற்றவர்கள் அவர்களைப் பார்த்து நின்றார்கள். இரண்டு நிமிடம் போயிற்று. முதல்வருக்கு வேர்த்தது.

"உக்காரச் சொல்லுங்க," என்றார். யாரிடம் சொல்கிறார் என்று எவருக்கும் புரியவில்லை. மென்று விழுங்கிச் சேர்த்துக்கொண்டார். "மிசஸ் டாலிவர்."

நடீன் ஒப்பந்தத் தாளையும் பேனாவையும் மேசைமேல் நகர்த்தி வைத்தாள். அறுநூறு பேர் நின்று பார்க்க, முதல்வர் கையெழுத்துப் போட்டார்.

மிசஸ் டாலிவர் தாளை வாங்கி, ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்தார். அதனால் பிள்ளைகள் இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியதாயிற்று.