ஈசானிய மூலையில் அனலி

1

இந்தக் கதை தியானத்தில் உதிக்கவில்லை. நான் மென்பொருள் டெஸ்டர். அடுத்தவர் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். ஒரு மதியம் தயிர்சாதம் சாப்பிடும்போது தோன்றியது: அசுரர்கள் வரம் கேட்கிறார்களே, மனிதனால் சாகக் கூடாது, மிருகத்தால் கூடாது, பகலில் கூடாது, இரவில் கூடாது என்று. அவ்வளவு கேட்டும் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். என் அசுரன் விட்டது பெண்ணை.*

அப்படிப் பிறந்தவள்தான் எட்டுக் கை அனலி. எழுநூறு பக்க நாவல் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

(* புதுமை இல்லை, தெரியும். பெண்ணை விடுவது அவர்களுக்குப் பரம்பரைப் பழக்கம்.)

2

முதல் தொடக்கம்: ஏழு கடலும் கொந்தளிக்க, அனலி தன் சிங்கத்தின் மேல் ஏறி—

வேண்டாம். சிங்கத்தை எங்கே நிறுத்துவது? சென்னீர்குப்பத்தில் எங்கள் அடுக்ககத்தில் என் ஸ்கூட்டிக்கே இடமில்லை.

இரண்டாவது: குமணன்சாவடியில் ஷேர் ஆட்டோ ஓட்டும் ஜெகன் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாக்கா, எட்டு கை கீது! சூலத்த மடில வெச்சிக்கோ, பக்கத்துல கீறவங்களுக்குக் குத்திடப் போவுது."

அனலி சமர்த்தாக மடியில் வைத்துக்கொண்டாள். இது பரவாயில்லை.

3

பைபாஸ் மேம்பாலத்தடியில் அசுரனைக் கொன்றாள். பதினான்கு பக்கச் சண்டையை எழுதி அழித்தேன். ஓட்டை தெரிந்தபிறகு மூன்று நிமிட வேலைதான் அது.

வினை அதற்கப்புறம் வந்தது. ரத்தம் கழுவ எங்கள் குழாயடிக்கு வந்தவளை அடுக்ககச் சங்கச் செயலாளர் கிருபாகரன் பார்த்துவிட்டார்.

"மேடம், பார்க்கிங்ல ஈசானிய மூலை காலியாத்தான் இருக்கு. அம்மனை அங்கயே உட்கார வெச்சிடலாம். வெள்ளிக்கிழமை நல்ல நாள்."

நான் வாய் திறப்பதற்குள் பக்கத்து வீட்டு மங்களம் மாமி சூலத்தில் எலுமிச்சம்பழம் குத்திவிட்டார். வெல்டர் பாபு டேப்போடு வந்து நின்றார்.

"சாமி, கைய கொஞ்சம் மடக்கிக்கோ. கிரில்லு அகலம் பத்தாது."

4

அனலி கம்பிக்குள்ளிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"அசுரனைக் கொன்னது நான். என்னை எதுக்குப் பூட்டறாங்க? பசிக்குது எனக்கு. படைக்காதீங்க, தட்டுல போடுங்க."

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஏனென்றால் என் நாவல் திட்டத்திலும் கடைசி வரி 'அவள் தெய்வமானாள்' என்றுதான் இருக்கிறது. ஜெயித்த பெண்ணை என்ன செய்வதென்று தெரியாவிட்டால் நாம் கும்பிட்டுவிடுகிறோம்.

எட்டுக் கை இருந்தும் ஏன் உடைக்கவில்லை என்பீர்கள். கதவை ஒட்டி மாமி நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடக்கிறார். உதைத்தால் கதவு அவர் மேல்தான் விழும். அனலி அசுரர்களைக் கொல்லத்தான் பழகியவள்.

5

முடிவு அ: அனலி அங்கேயே இருந்துவிடுகிறாள். வெள்ளிதோறும் கூட்டம். (தூ!)

முடிவு ஆ: தப்பித்து அண்ணனூரில் வாடகைக்கு வீடு தேடுகிறாள். தனியாக இருக்கும் பெண்ணுக்குத் தர மாட்டோம் என்கிறார்கள். கை எத்தனை என்று எண்ணக்கூட இல்லை.

முடிவு இ: மாமியை மெல்ல எழுப்பிவிட்டு நான் பூட்டைத் திறந்—

திறந். மூன்று முறை முயன்றுவிட்டேன், வரி அதற்குமேல் போகவில்லை. கிருபாகரன், "எழுதினது நீங்கதானே, ஒண்ணு உங்ககிட்ட இருக்கட்டும்" என்று கொடுத்த சாவி இதோ இருக்கிறது. நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அருகில் போனதும், அவளுக்கு அவர்கள் சாத்தியிருக்கும் மஞ்சள் புடவையையும் குங்குமத்தையும் பார்த்ததும், உங்கள் கைகள் தாமாகக் குவியும். எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. குவித்த கையால் பூட்டைத் திறக்க முடியாது.