வார்த்தை வராத பதினைந்து விநாடி

திருவனந்தபுரம் கரமனை அக்ரஹாரத்து வீட்டில் எதிரொலி இல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான்: பாகீரதியின் புடவை அலமாரி. குரல் வெறும் சுவரில் பட்டால் திரும்பி வந்து மைக்கில் இரண்டாம் தடவை விழும். பட்டுப்புடவை அடுக்கில் பட்டால் அங்கேயே அடங்கிவிடும். அதனால் அவள் மகன் வினய் அலமாரியைத் திறந்து, தலையை உள்ளே நுழைத்துக்கொண்டு, தன் பிரிவுப் பாட்டைப் பாடிப் பதிவு செய்தான். தணிந்த குரலில்தான் பாடினான். அது பாட்டுக்கு வேண்டிய தணிவல்ல; அடுத்த அறையில் அம்மா இருந்தாள்.

"என்னடா, பொடவைக்குள்ள மூஞ்சிய வெச்சுண்டு ஜபமா?"

"ஆபீஸ் கால்மா."

ஐந்து மாதம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆர்யாவை வீட்டுக்கு அழைத்து வந்திருந்தான். நாலு வருஷக் காதல். அன்றைக்கு அம்மாவிடம் சொல்லிவிடுவதாகப் பேச்சு. "யாருடா இது?" என்று பாகீரதி கேட்டாள். "ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவ" என்று வந்தது வாயில். ஆர்யா காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்தாள். பஸ் ஸ்டாப்பில், "நாலு வருஷமா நான் உனக்கு அதானா?" என்று கேட்டாள். அதன்பின் அவன் போனை அவள் எடுக்கவில்லை. பிறகு வேலையையும் மாற்றிக்கொண்டாள்.

அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலைப் பாட்டின் கடைசிச் சரணத்தில் வைத்திருந்தான். அந்தச் சரணம் ஆர்யாவின் காதில் விழ வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவே.

அவன் பாடியது எண்பதுகளின் மேற்கத்திய நியூ வேவ் பாணி. அதற்கு ஒரு விசித்திரமான கட்டுமானம் உண்டு. வார்த்தைகள் அழும், தாளத்துக்கு அது தெரியாது. டிரம் மெஷின் நிமிஷத்துக்கு நூற்று ஐம்பது அடி, களைப்பில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். கிதாரின் ஒலியைக் கோரஸ் என்னும் கருவி ஒரு பிரதி எடுத்து, மயிரிழை தாமதமாக, சுருதியைச் சற்று அசைத்து, அசலோடு சேர்க்கும். ஒரே கிதார்தான், ஆனால் ஒத்துப்போக முடியாத இரண்டு பேர் சேர்ந்து வாசிப்பதுபோல் கேட்கும். வினய் முப்பது விநாடி இப்படி வெறும் வாத்தியமாக ஓடவிட்டு, முப்பத்தோராவதில்தான் பாடத் தொடங்கினான்.

தம்பானூரில் ஒரு லாட்ஜின் மாடியில் ஸ்டூடியோ வைத்திருந்த நண்பன் லிங்கராஜ் ஒலிகளைச் சேர்த்து முடித்தான். பாட்டை இணையத்துக்கு அனுப்பும் படிவத்தில் ஒரு சின்னக் கட்டம் உண்டு: ரீல்ஸுக்கு எந்தப் பதினைந்து விநாடி? ஊர் கேட்கப்போவது அந்தத் துண்டைத்தான். பிடித்தவர்கள்தான் முழுப் பாட்டையும் தேடிப் போவார்கள்.

"கடைசிச் சரணத்தப் போடுடே அளியா. உயிரு அதுலல்லா இருக்கு?" என்றான் லிங்கராஜ்.

வினய்க்குத் தெரு வாட்ஸப் குழு ஞாபகம் வந்தது. அதில் எல்லா ரீலும் வரும். அம்மா எல்லாவற்றையும் பார்ப்பாள். அவன் குரல் அவளுக்குத் தெரியும். சுட்டியை இழுத்து ஆரம்பத்துக்குக் கொண்டுபோனான்.

"அங்க வார்த்தையே இல்லையேடே."

"தாளம் நன்னாருக்கும்."

லிங்கராஜ் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அவனைப் பார்த்தான். "பாட்டுலகூட வாயப் பொத்திட்டு நிக்கப்போறியா?"

வினய் பொத்தானை அழுத்தினான்.

முதல் வாரம் அறுபத்துமூன்று பேர் கேட்டார்கள். பிறகு யாரோ ஒருவன் பொன்முடி மலையின் கொண்டையூசி வளைவுகளில் பைக் ஓட்டிய வீடியோவுக்கு அந்தத் துண்டை வைத்தான். வளைவும் தாளமும் கச்சிதமாகப் பொருந்தின. ஒரே மாதத்தில் பதினோராயிரம் ரீல்ஸ். ஜிம், சாயாக்கடை, கல்யாண வீட்டு நடனம். "அடிபொளி", பிரமாதம், என்று கீழே வரிசையாக எழுதினார்கள். யாரும் அழவில்லை.

முழுப் பாட்டைக் கேட்பவர்கள் எந்த விநாடியில் வெளியேறுகிறார்கள் என்பதற்கு ஒரு கோட்டுப்படம் உண்டு. வினய் தினமும் அதைப் பார்த்தான். முப்பது விநாடி வரை மேஜைபோல் தட்டையாக வரும் கோடு, முப்பத்தொன்றில் செங்குத்தாகச் சரிந்தது. அவன் குரல் தொடங்கும் இடம். கடைசிச் சரணத்தில் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

ஒரு சனிக்கிழமை ஆர்யாவிடமிருந்து செய்தி வந்தது. முதலில் ஒரு ரீல்: அவளுடைய நிச்சயதார்த்தம். மஞ்சள் பட்டில் அவள், பக்கத்தில் யாரோ ஒருவன், இருவரும் அவனுடைய தாளத்துக்குச் சிரித்துக்கொண்டே படியிறங்கினார்கள். அதன் கீழே: "வீடியோக்காரங்க வச்ச மியூசிக். பிறகுதான் உன் பேரப் பாத்தேன். சூப்பரா இருக்கு."

உடனே எழுதினான்: "முழுசும் கேட்டியா?"

"அய்யோ, இதுக்குப் பாட்டு வேற உண்டா? கல்யாணத் திரக்கும் ஓட்டமும் கழியட்டும், கேக்கேன்."

அதற்குள் ரீல் தெருக் குழுவுக்கும் வந்துவிட்டிருந்தது. பாகீரதி போனை ஏந்திக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தாள்.

"வினய், இந்தப் பொண்ணு ஒருநாள் நம்மாத்துக்கு வந்தாளோன்னோ? யாருடா இவ?"

அவன் வாயைத் திறந்தான். அலமாரிக்குள் முப்பது தடவை பாடிப் பாடிச் சரிசெய்த பதில் நாக்கு நுனியில் இருந்தது.

"ஆபீஸ்ல கூட வேலை பாத்தவம்மா."

"பாட்டு நன்னா இருக்கே" என்றாள் பாகீரதி. கையிலிருந்த கரண்டியால் கதவு நிலையில் தாளம் தட்டிக்கொண்டே உள்ளே போனாள்.