ஸ்பேஸ் பாரில் கட்டிய பக்கம்

ஆம்பூரில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் தலைப்பின் எழுத்துகளை எண்ணி, பாதியாக்கி, தாளின் நட்டநடுவில் மயிரிழை பிசகாமல் அடிப்பதில் பிரிஸ்கில்லாவை மிஞ்ச ஆளே கிடையாது. இதைச் சொன்னது வேறு யாருமில்லை, பிரிஸ்கில்லாவேதான்.

அதனால்தான் தோல் கம்பெனி முதலாளி அஹமது பாஷா, தன் ஆபீஸ் டைப்பிஸ்டான அவளைக் கூப்பிட்டு, "நம்ம கம்பெனிக்கு வெப்சைட் போடணும்மா. மெட்ராஸ்காரன் ஒருத்தன் அந்த வேலையைக் கேட்டுக்கினே இருக்கான். உன்னால ஆவுமா?" என்றபோது, மூளையைக் கேட்காமலே அவள் வாய் "ஆவும் சார்" என்றுவிட்டது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு தோல் வாங்கும் ஜெர்மனி பையர் பக்கத்தைத் திறந்து பார்ப்பார். சரியாக இருந்தால் வெப்சைட் வேலை இனி அவளுடையது. சொதப்பினால் மெட்ராஸ்காரனுக்குப் போய்விடும். அவள் பழையபடி பேக்கிங் லிஸ்ட் அடிக்க வேண்டியதுதான்.

வெப்சைட் எடிட்டரில் வேலை ஜோராக நடந்தது. அடித்தது அடித்தபடியே திரையில் நின்றது. தலைப்பை நடுவில் வைக்க மேலே ஒரு பட்டன்கூட இருந்தது. சோம்பேறிகளுக்கு வைத்திருக்கிறார்கள் போல! அவள் டைப்ரைட்டர் எழுத்து மாதிரியே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எண்ணினாள், பாதியாக்கினாள், ஸ்பேஸ் பாரைத் தட்டினாள். தோல் வகை, திக்னஸ், கலர் என்று மூன்று செங்குத்துப் பத்தி. அவற்றையும் ஸ்பேஸ் பாரிலேயே நேராக நிறுத்தினாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்த அஹமது பாஷா, தன் புது லேப்டாப்பில் பக்கத்தைத் திறந்தார். மணி இரண்டரை.

"இன்னாம்மா கூத்து இது? ஆட்டுத்தோல் லைனிங் ஒன்னு புள்ளி நாலா? ஷூவுக்கு உள்ள ஒட்டற லைனிங்கா, இல்ல அடியில போடற சோலா?"

மாட்டுத்தோலின் 1.4 மில்லிமீட்டர் அடுத்த வரிக்குச் சரிந்து, லைனிங்குக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தது. கறுப்பு எங்கோ, பழுப்பு எங்கோ. அவள் எண்ணி எண்ணி வைத்த தலைப்பு வலப்பக்கம் ஒதுங்கி நின்றது.

"உங்க லேப்டாப்புல ஏதோ கோளாறு சார்."

"சரி, கோளாறுன்னே வெச்சிக்கோ. ஜெர்மன்காரன்கிட்ட இருக்கிறது உன் கம்ப்யூட்டரா?"

பிரிஸ்கில்லா தன் பெரிய மானிட்டருக்கு ஓடினாள். திரையில் பக்கம் திறந்திருந்த ஜன்னலின் ஓரத்தை மவுஸால் பிடித்து உள்ளே தள்ளிப் பார்த்தாள். பத்திகள் மளமளவென்று சரிந்தன. டைப்ரைட்டரில் தாள் யாருக்கும் ஒரே அகலம். இங்கே பார்ப்பவன் ஒவ்வொருவனும் வேறு வேறு அகலத்தில் தாள் வைத்திருக்கிறான். அட என் மடத்தனமே!

"சார், நாலு மணிக்குள்ள முடிச்சிடறேன். மெட்ராஸுக்கு மட்டும் போன் போட்டுடாதீங்க."

"நாலு வரைக்கும் போடமாட்டேன். அதுக்கு மேல என்னக் கேக்காத."

மூன்று நாள் தட்டிய ஸ்பேஸ் எல்லாவற்றையும் ஈவு இரக்கமில்லாமல் அழித்தாள். டேபிள் ஒன்றைச் செருகி, ஒவ்வொரு சரக்கையும் அதனதன் கட்டத்தில் உட்கார வைத்தாள். தலைப்பைத் தேர்ந்தெடுத்து, சோம்பேறிப் பட்டனை அழுத்தினாள். ஒரே அமுக்கில் நடுவில் போய் நின்றது. கோபம்தான் வந்தது. ஜன்னலைச் சுருக்கினாள், விரித்தாள். ஒன்றும் அசையவில்லை. இப்போது வரட்டும் ஜெர்மன்காரன்!

நாலு மணி ஐந்து நிமிஷத்துக்கு போன் வந்தது. முதலாளி ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் பையர் ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டே வந்தார். மாட்டுத்தோல், ஒன்று புள்ளி நாலு, கறுப்பு. ஆட்டுத்தோல் லைனிங், பூஜ்யம் புள்ளி ஏழு, பழுப்பு. பிரிஸ்கில்லா அப்போதுதான் மூச்சுவிட்டாள். கடைசியில் அவர் சாம்பிள் அனுப்பச் சொன்னார்.

அஹமது பாஷா போனை வைத்தார். உடனே மறுபடி எடுத்து மெட்ராஸ் நம்பரைத் தட்டினார். "வேணாம்பா. நம்மகிட்டயே ஆள் இருக்காங்க." பிறகு அவளிடம் திரும்பி, "பக்கத்துக்குக் கீழ, போட்டது யாருன்னு உன் பேரையும் போடும்மா" என்றார்.

இங்கிலீஷில் பேரை அடித்தாள். பழக்கதோஷம், உதடு தானாக எண்ணியது. ஒன்பது எழுத்து, பாதி நாலு. பெருவிரல் ஸ்பேஸ் பாருக்கு மேலே போய் நின்றுவிட்டது. சிரித்துக்கொண்டே பட்டனை அழுத்தினாள்.

ஜன்னலை ஒருமுறை சுருக்கி, ஒருமுறை விரித்துப் பார்த்தாள். அவள் பேர் நடுவிலேயே இருந்தது.