அக்கா விழமாட்டாள்

1

இந்தக் கதையை நான் ஒட்டுக்கேட்டு எடுத்தேன். சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில், முன் இருக்கையில் இரண்டு இளைஞர்கள். ஒருவன் எழுதிய இயங்குதளம் நேராக மிஷினில் ஓடாதாம். லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தின் மேல் ஒரு சாதாரண புரோகிராமாக ஓடுமாம். "உள்ள கீறதுக்கு அது தெரியாதுடா. மிஷினே தன்னுதுன்னு நெனச்சிக்கினு கீது" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனதுக்குள் அகிலா என்றொருத்தி வந்தாள்.

2

முதல் தொடக்கம்: அகிலாவின் தம்பி உதயா புத்தூர் சாலையில் பைக்கில் வந்தபோது ஒரு லாரி—

வேண்டாம். இதை முடிக்கக் கை வரவில்லை.

இரண்டாவது: நகரியில், தம்பியைப் பறிகொடுத்த வீட்டில், இரண்டு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஒன்று, உடலைக் கிடத்திய இடத்தில் அம்மா யசோதா ஏற்றியது. கருமாதி வரை அணையக்கூடாது. மற்றது உதயாவின் லேப்டாப். அவனே எழுதிய இயங்குதளம், கிளம்பும்போது அவன் ஓடவிட்டுப் போனது, அதில் அப்படியே ஓடியது. விளக்குக்கு எண்ணெய் ஊற்றும்போதெல்லாம் அகிலா சார்ஜரையும் தொட்டுப் பார்த்தாள்.

(இதுவே இருக்கட்டும்.)

3

அவன் எழுதியது மைக்ரோகெர்னல். நடுவில் சின்னஞ்சிறு கரு மட்டும். திரை, கீபோர்டு, நெட் எல்லாம் வெளியே தனித்தனி ஆட்கள் மாதிரி. ஒருவர் விழுந்தால் வீடு விழாது. விழுந்தவரைத் தூக்கி நிறுத்த ஒரு காவல் ஆள் உண்டு. அதற்கு உதயா வைத்த பெயர் 'அக்கா'.

திரையில் அவ்வப்போது ஒரு வரி வரும்: நெட் விழுந்தது. அக்கா எழுப்பினாள்.

தெலுங்கு மீடியத்தில் திணறியவனுக்குப் பாடம் சொன்னது, வேலையை விட்டுவிட்டு வந்து நின்றவனுக்காக அம்மாவிடம் பேசியது, எல்லாம் அகிலாதான். அந்த அக்கா விழுந்தால் யார் எழுப்புவார்கள் என்று ஒருமுறை அவனைக் கேட்டிருக்கிறாள்.

"அதுக்கு ஆள் எழுதல. அக்கா வுழமாட்டா."

4

கருமாதிக்கு உதயாவின் நண்பன் ஹரிபாபு வந்தான். பேட்டரி உப்பி லேப்டாப்பின் அடிப்பக்கம் பிதுங்கியிருந்தது. அணைக்காவிட்டால் தீப்பிடிக்கும் என்றான். எழுதிய கோடெல்லாம் பத்திரமாக இருக்கிறது, வேறு மிஷினில் ஓட்டலாம். ஆனால் ஓட்டத்தைச் சேமித்துவைக்கும் பகுதியை உதயா இன்னும் எழுதவில்லை. கீழே லினக்ஸ் நின்றால் மேலே இதுவும் நிற்கும். அப்புறம் ஓடுவது முதலிலிருந்து ஓடும். அவன் கையால் தொடங்கியதாக இருக்காது.

(அம்மாவை நான் நம்பவில்லை. முதல் பிரதியில் அவளை லேப்டாப் மேல் விழுந்து கதற வைத்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். அந்த வீட்டில் அழுவதற்கு இன்னும் முறை வராதவள் வேறொருத்தி.)

அகிலா லேப்டாப் முன் உட்கார்ந்தாள். விரல் பட்டன் மேல் இருந்தது, அழுத்தவில்லை. பூவால் விளக்கைக் குளிரவைத்துவிட்டு யசோதா வந்து பக்கத்தில் அமர்ந்தாள்.

"நவுருடி. இத நான் பாத்துக்கறேன்."

"உனுக்குத் தெரியாதும்மா."

"தெரியாதுதான். பட்டன காட்டிட்டு நீ அழு. அன்னிலேர்ந்து பாத்துக்கினுதான் கீறேன். வந்தவங்களுக்கெல்லாம் காபி போட்டுக்கினு கீற. நீ இன்னும் அழல."

5

முடிவுகள் இரண்டு எழுதினேன். ஒன்றில் அம்மா அழுத்தினாள். மற்றதில் நகரியில் கரண்ட் போயிற்று, உப்பிய பேட்டரி தாங்கவில்லை, யாரும் அழுத்த வேண்டியிருக்கவில்லை. இரண்டிலும் திரை இருண்டதும் கதையும் நின்றுவிடுகிறது. அகிலா அழ நேரமே இல்லை.

ஆகவே இங்கே நிறுத்துகிறேன். அகிலா அம்மா மடியில் விழுந்து கிடக்கிறாள். அம்மாவின் ஒரு கை அவள் முதுகில், இன்னொரு கை பட்டன் மேல். திரையில் அந்த வரி மறுபடி வருகிறது. நெட் விழுந்தது. அக்கா எழுப்பினாள்.

அவள் அழுது முடித்துவிட்டாள் என்று உங்களுக்குத் தோன்றும்போது நீங்களே பக்கத்தை மூடுங்கள். அதுவரை ஓடட்டும்.