பின்கதவு

நாவலில் படை கற்பனையாம். கவச வண்டி மட்டும் அசலாக இருக்க வேண்டுமாம்! மண்டையை உடைத்துக்கொண்ட நாவலாசிரியர், கடைசியில் தங்கை கணவரைப் பிடித்தார். பட்டாளத்தில் வண்டி ஓட்டி, பாதியில் வேலையை விட்டு வந்தவர் அவர். ஏன் என்று நாவலாசிரியர் ஒருநாளும் கேட்டதில்லை.

மேசைமேல் பொம்மை வண்டிகள் வரிசையாக நின்றன.

"இந்த எட்டுச் சக்கர வண்டி சரியா இருக்கும், மச்சான்."

"கண்ணிவெடியில பின்கதவு சிக்கிக்கிட்டா, மாப்ள?"

"பின்னால இருக்கறவங்க வெளிய வர முடியாது. ஓட்டுறவன் மட்டும் மேல்மூடி வழியா தப்பிப்பான்."

"அடி சக்க! இதைத்தானே தேடிட்டிருந்தேன்!" நாவலாசிரியர் தொடையைத் தட்டினார்.

மாப்பிள்ளை பொம்மையின் பின்கதவை நகத்தால் நெம்பிப் பார்த்தார். திறக்கவில்லை.

"உள்ளேருந்து ரொம்ப நேரம் தட்டினாங்க, மச்சான். அதையும் எழுதிக்கோங்க."

தொடையைத் தட்டிய கையை எங்கே வைப்பதென்று நாவலாசிரியருக்குத் தெரியவில்லை.